டெக்சாஸ் ஆசிரியர் ஓய்வூதியமும் சோஷியல் செக்யூரிட்டியும்: எதை எப்போது தொடங்குவது?

கேள்வி
(டெக்சாஸ், அறிவியல் ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் ஓர் அரசுப் பள்ளியில் 2008 ஆகஸ்ட் முதல் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். இந்தக் கல்வியாண்டு முடியும்போது 18 ஆண்டுப் பணி நிறைவடைகிறது. வரும் ஜூனில் எனக்கு 63 வயது நிறையும். 60 வயதைத் தாண்டிவிட்டேன் என்பதாலும், மே மாத இறுதியில் வயதும் பணிக்காலமும் சேர்ந்து 80 ஆகிவிடும் என்பதாலும், டிஆர்எஸ் எனப்படும் ஆசிரியர் ஓய்வூதிய அமைப்பிலிருந்து வயதுக்கான குறைப்பு ஏதுமில்லாத ஓய்வூதியம் பெற எனக்குத் தகுதி உண்டு. அதிகச் சம்பளம் பெற்ற ஐந்து ஆண்டுகளின் சராசரி 66,000 டாலர். ஆண்டுக்கு 2.3 விழுக்காடு வீதம் 18 ஆண்டுக்குக் கணக்கிட்டால் மாதம் 2,277 டாலர் வருகிறது.

பள்ளிப் பணிக்கு வருவதற்கு முன், 1997 முதல் 2008 வரை தனியார் நிறுவனங்களில் மென்பொருள் சோதனையாளராக 11 ஆண்டுகள் வேலை செய்தேன். அந்தச் சம்பளத்தில், மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கு வரி பிடிக்கப்பட்டது. பள்ளிச் சம்பளத்தில் ஒரு நாளும் பிடிக்கப்பட்டதில்லை. சோஷியல் செக்யூரிட்டி இணையக் கணக்கைத் திறந்து பார்த்தபோது, 67 வயதில் தொடங்கினால் மாதம் 1,287 டாலர் என்று காட்டுகிறது. ஆனால் என்னுடன் பணியாற்றும் மூத்த ஆசிரியர்கள், பள்ளி ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு அந்தத் தொகையில் பாதி வெட்டப்படும் என்றும், கணவர் கணக்கிலிருந்து வரக்கூடிய மனைவிக்கான பங்கை மறந்தே விட வேண்டும் என்றும் உறுதியாகச் சொல்கிறார்கள். வேறு சிலர் அந்தச் சட்டமே போய்விட்டது என்கிறார்கள். யாரை நம்புவது என்று தெரியவில்லை.

என் கணவர் 1960 அக்டோபரில் பிறந்தவர். தனியார் நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறார். 67 வயதில் ஓய்வுபெற எண்ணுகிறார். அவருடைய கணக்கு 67 வயதில் 3,400 டாலர் என்று காட்டுகிறது. நான் எனது சோஷியல் செக்யூரிட்டியை ஓய்வூதியத்துடன் சேர்த்து இந்த ஆண்டே தொடங்கலாமா, காத்திருக்க வேண்டுமா? அவர் 70 வரை காத்திருப்பதில் பொருள் உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அமெரிக்கா வருவதற்கு முன் தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான்கு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். அந்த ஆண்டுகளை இங்கே எதிலாவது சேர்க்க முடியுமா?

மறுமொழி 1
(கலிஃபோர்னியா, ஓய்வுபெற்ற கணக்காளர்)

வணக்கம் அம்மா. என் மனைவியும் இங்கே ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதால் இதே குழப்பத்தில் பல ஆண்டுகள் கழித்தவன் நான். உங்கள் மூத்த ஆசிரியர்கள் சொல்வது பொய்யன்று. 2023 டிசம்பர் வரை அதுதான் சட்டமாக இருந்தது. 2025 ஜனவரி 5 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட சோஷியல் செக்யூரிட்டி நியாயச் சட்டம் அந்த இரண்டு வெட்டுகளையும் முழுமையாக நீக்கிவிட்டது. நீக்கம் 2024 ஜனவரி மாதப் பயனிலிருந்தே செல்லும். ஆகவே உங்கள் 1,287 டாலர் உங்களுக்கே முழுமையாக வரும்.

எது நீங்கியது என்று தெரிந்துகொண்டால்தான் பழைய அறிவுரைகளை எங்கே ஒதுக்குவது என்பது புரியும். 1935-இல் சோஷியல் செக்யூரிட்டி பிறந்தபோது மாநில, உள்ளாட்சி ஊழியர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. 1950-களில் மாநிலங்கள் விரும்பினால் உடன்படிக்கை செய்து சேரலாம் என்று வழி திறக்கப்பட்டது. டெக்சாஸ், கலிஃபோர்னியா, இல்லினாய், ஒஹையோ, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இன்றும் வெளியேதான் இருக்கிறார்கள். சோஷியல் செக்யூரிட்டி ஒருவரின் மிகுந்த வருமானமுள்ள 35 ஆண்டுகளைச் சராசரி எடுக்கிறது. வரி கட்டாத ஆண்டுகள் சுழியமாக விழும். 2025-இல் 62 வயதை எட்டிய உங்களைப் போன்றவர்களுக்கு, அந்த மாதச் சராசரியின் முதல் 1,226 டாலருக்கு 90 விழுக்காடும், அதற்கு மேல் 7,391 டாலர் வரை 32 விழுக்காடும் தரப்படுகிறது. உங்கள் சராசரி ஏறத்தாழ 1,800 டாலராக இருக்க வேண்டும். அப்போதுதான் 1,287 வருகிறது.

வாழ்நாள் முழுவதும் குறைந்த கூலிக்கு உழைத்தவர்களைக் காப்பதற்காக வைத்த 90 விழுக்காடு, சுழிய ஆண்டுகள் காரணமாக ஆசிரியர்களுக்கும் கிடைத்துவிடுகிறது என்பதே 1983-இல் முதல் வெட்டைக் கொண்டுவந்தவர்களின் வாதம். அவர்கள் அந்த 90-ஐ 40 ஆகக் குறைத்தார்கள். அந்தச் சட்டம் இருந்திருந்தால் உங்களுக்கு 674 டாலர்தான் வந்திருக்கும். மாதம் 613 டாலர் போயிருக்கும். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் 1977-இல் வந்த இரண்டாவது வெட்டை என்னால் ஒருபோதும் ஏற்க முடிந்ததில்லை. பள்ளி ஓய்வூதியத்தின் மூன்றில் இரண்டு பங்கை, கணவர் அல்லது மனைவியின் கணக்கிலிருந்து வரும் பயனிலிருந்து கழித்தது அது. உங்கள் கணக்கில் அந்த மூன்றில் இரண்டு பங்கு 1,518 டாலர். கணவர் இருக்கும்போது வரும் பங்கை அது முழுமையாக விழுங்கியிருக்கும். கணவர் மறைந்த பின் வரும் பெரிய தொகையிலும் அவ்வளவும் குறைந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை.

இனி எப்போது தொடங்குவது என்பதற்கு வருவோம். டிஆர்எஸ் ஓய்வூதியத்தைப் பணியை விட்டவுடன் தொடங்கிவிடுங்கள். குறைப்பில்லாத தகுதி வந்த பிறகு, பணியும் செய்யாமல் ஓய்வூதியமும் வாங்காமல் காத்திருப்பதற்கு அங்கே எந்தப் பரிசும் இல்லை. கூடுதலாக ஓராண்டு பணியாற்றினால் மாதம் ஏறத்தாழ 126 டாலர் கூடும். அது உங்கள் உடல்நலத்தையும் மனத்தையும் பொறுத்த முடிவு. அந்த ஆண்டு உங்கள் சோஷியல் செக்யூரிட்டியை ஒரு காசும் உயர்த்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டியில் உங்கள் முடிவைவிட உங்கள் கணவரின் முடிவே பெரியது. அவர் 67-இல் தொடங்காமல் 70 வரை காத்திருந்தால் ஆண்டுக்கு 8 விழுக்காடு கூடி, இன்றைய மதிப்பில் 4,216 டாலர் ஆகும். உங்களில் யார் முன்பு போனாலும், எஞ்சியவருக்கு இரண்டு சோஷியல் செக்யூரிட்டித் தொகைகளில் பெரியது மட்டுமே தொடரும், சிறியது நின்றுவிடும். ஆகவே அவருடைய தொகை உங்கள் இருவரில் நெடுநாள் வாழ்பவரின் ஆயுள் வரை ஓடும். உங்களுடையது இருவரும் சேர்ந்து வாழும் காலம் வரை மட்டுமே ஓடும். நீண்டு ஓடுவதை வளர்க்க வேண்டும். குறுகி ஓடுவதை அளவுக்கு மேல் காக்க வைக்க வேண்டியதில்லை.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கணவரின் 67 வயதுத் தொகையில் பாதியான 1,700 டாலர் வரை மனைவிக்கு உரிமை உண்டு. உங்கள் சொந்தத் தொகை 1,287 போக, மீதி 413 டாலர் மேலொட்டாகச் சேரும். அவர் தம் பயனைத் தொடங்கிய பிறகுதான் அது வரும். நீங்கள் 67-ஐத் தாண்டி 70 வரை காத்திருந்தால் உங்கள் சொந்தத் தொகை 1,595 ஆக உயரும். ஆனால் மேலொட்டு 104 ஆகச் சுருங்கும். இரண்டு வழியிலும் மொத்தம் ஏறத்தாழ அதே 1,700 தான். மூன்று ஆண்டுப் பணத்தை விட்டுக்கொடுத்து நீங்கள் பெறுவது ஒன்றுமில்லை. 67-க்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்று இதனால்தான் உறுதியாகச் சொல்கிறேன்.

67-க்கு முன்பே தொடங்கலாமா என்றால், வரும் ஜூனில் தொடங்கினால் 25 விழுக்காடு குறைந்து 965 டாலர் கிடைக்கும். 67-இல் தொடங்குபவர், முன்பே தொடங்கியவரை மொத்தத் தொகையில் எட்டிப்பிடிக்க 79 வயது ஆகும். கணவரின் சம்பளம் 2027 அக்டோபர் வரை வரப்போகிறது. அதுவரை உங்கள் சோஷியல் செக்யூரிட்டியில் 85 விழுக்காடு அவருடைய உயர்ந்த வரி விகிதத்தில் விழும். நானாக இருந்தால் அவர் சம்பளம் நிற்கும் காலத்தில், உங்கள் 64-ஆம் வயதில் தொடங்குவேன். ஜூன் 2027-இல் தொடங்கினால் அது 1,029 டாலர். 2030-இல் அவர் 70-இல் தொடங்கும்போது உங்களுக்கு 67 நிறைந்திருக்கும் என்பதால் 413 டாலர் மேலொட்டு குறைப்பின்றி வரும். முன்பே தொடங்கியது அந்த மேலொட்டையோ, பிற்காலத்தில் அவர் மறைந்தால் வரும் தொகையையோ குறைக்காது.

தமிழ்நாட்டுப் பணிக்காலம் பற்றிய விடை சுருக்கமானது, வருத்தமானதும் கூட. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ளும் உடன்படிக்கை இல்லை. வரி கட்டிய வேலைக்காலத்துக்குத் தரப்படும் தகுதிப் புள்ளிகள் 40 உங்களுக்கு ஏற்கெனவே நிறைந்துவிட்டதால் சோஷியல் செக்யூரிட்டி உரிமைக்கு அவை தேவைப்படவும் இல்லை. டிஆர்எஸ் பணிக்காலத்தில் வெளிப் பணியைப் பணம் கட்டிச் சேர்க்கும் விதிகள் தனியானவை. அந்தக் கேள்வியை ஓய்வு விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே டிஆர்எஸ்-இடம் எழுத்தில் கேளுங்கள், ஓய்வு தொடங்கிய பின் எதையும் சேர்க்க இயலாது.

மறுமொழி 2
(ஒஹையோ, ஓய்வுபெற்ற ஆசிரியை)

தங்கையே, மேலே ஐயா எழுதியதில் நான் சேர்க்க விரும்புவது ஒன்றே ஒன்று: விண்ணப்பம் கொடுக்காமல் எதுவும் வராது. என் கதையைச் சொன்னால் அது ஏன் முக்கியம் என்று புரியும்.

என் கணவர் 2019-இல் காலமானார். அவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி இருந்தது. எனக்கு ஆசிரியர் ஓய்வூதியம் இருந்தது. அப்போது எனக்கு வழிகாட்டிய ஒருவர், ஓய்வூதியத்தின் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்தால் உங்களுக்குச் சுழியம்தான் மிஞ்சும், விண்ணப்பமே வேண்டாம் என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆகவே நானும் விண்ணப்பிக்கவில்லை. சட்டம் மாறிய செய்தியை 2025 ஜனவரியில் படித்தேன். ஏற்கெனவே விண்ணப்பித்து, வெட்டு காரணமாகக் குறைவாகவோ சுழியமாகவோ பெற்றுவந்தவர்களுக்கு 2025 பிப்ரவரி இறுதியிலிருந்து நிலுவைத் தொகை வங்கிக் கணக்கில் தானாகவே வரத் தொடங்கியது. எனக்கு எதுவும் வரவில்லை. அவர்களுடைய பதிவேட்டில் நான் இல்லவே இல்லை.

மார்ச்சில் விண்ணப்பித்தேன். என்னைப் போல முழு ஓய்வு வயதை, அதாவது குறைப்பில்லாத தொகைக்குரிய வயதைத் தாண்டியவர்களுக்கு விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய ஆறு மாதங்கள் வரை பின்தேதியிட்டுத் தருவார்கள். ஆகவே எனக்கு 2024 செப்டம்பரிலிருந்து கிடைத்தது. அன்று ஒரு தாளில் கையெழுத்திட்டுச் சுழியம் வாங்கிக்கொண்டிருந்தால், 2024 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரையிலான எட்டு மாதப் பணமும் என்னுடையதாகியிருக்கும். அந்த எட்டு மாதமும் என் கணவர் உழைத்துச் சேர்த்தது என்று நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது. உங்கள் பள்ளியில் ஓய்வுபெற்ற விதவைகள், மனைவியை இழந்த ஆசிரியர்கள் யாரேனும் இன்னும் விண்ணப்பிக்காமல் இருந்தால், தயவு செய்து அவர்களிடம் இன்றே சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம்.

பின்தேதியிட்ட தொகை ஒரே ஆண்டில் வந்து சேரும்போது வரி கூடிவிடும். முந்தைய ஆண்டுக்கு உரிய பகுதியை அந்த ஆண்டின் வருமானத்தோடு வைத்து வரியைக் கணக்கிடும் தெரிவு வருமான வரிக்கான 1040 படிவத்தில் உண்டு; அந்தக் கட்டத்தைக் குறியிட வேண்டும். 2024-க்கான படிவத்தைத் திருத்தித் தாக்கல் செய்யத் தேவையில்லை. எனக்கு அதனால் கணிசமான தொகை மிஞ்சியது.

கேட்டவரின் பதில்
(டெக்சாஸ், அறிவியல் ஆசிரியை)

ஐயாவுக்கும் அக்காவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 67-க்கு மேல் காத்திருந்தால் மேலொட்டு சுருங்கும் என்பது நான் எங்கும் படிக்காத செய்தி. அக்கா, உங்கள் எட்டு மாதம் என்னை உலுக்கிவிட்டது. எங்கள் பள்ளியில் ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியைகளுக்கு நேற்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. என் கணவர் 70 வரை காத்திருக்கும்போது 68 அல்லது 69 வயதில் அவருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், காத்திருந்ததெல்லாம் வீணாகிவிடுமா? அடுத்து, டிஆர்எஸ் விண்ணப்பத்தில் ஓய்வூதியத்தை எனக்கு மட்டும் என்று எடுப்பதா, நான் போன பிறகு கணவருக்கும் தொடரும்படி எடுப்பதா என்று ஒரு தெரிவைக் கேட்கிறார்கள். சோஷியல் செக்யூரிட்டியோடு இதை எப்படி இணைத்துப் பார்ப்பது?

மறுமொழி 3
(விஸ்கான்சின், பள்ளி நூலகர்)

இந்த உரையாடலைப் படிக்கும் மற்ற மாநிலத்தவர்களுக்காக ஒரு குறிப்பு. எங்கள் மாநிலத்தில் பள்ளி ஊழியர்களும் சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டுகிறோம். ஆகவே அந்த வெட்டுகள் எங்களைத் தொட்டதே இல்லை. எங்களுக்கு வேறொரு இணைப்பு இருக்கிறது. 62 வயதுக்கு முன் ஓய்வுபெறுபவர், 62 வரை ஓய்வூதியத்தைக் கூடுதலாகவும் அதன்பின் குறைவாகவும் பெறும்படி தெரிவு செய்யலாம். சோஷியல் செக்யூரிட்டி வந்து சேரும்போது மொத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் என்பது அதன் நோக்கம்.

நான் அதை எடுக்கவில்லை. நீங்கள் சோஷியல் செக்யூரிட்டியைத் தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும் 62-இல் ஓய்வூதியம் இறங்கிவிடும். கையில் வேறு சேமிப்பு இல்லாதவர், அந்த இறக்கத்தை ஈடுகட்டுவதற்காகவே 62-இல் 30 விழுக்காடு குறைந்த சோஷியல் செக்யூரிட்டியை வாங்கும்படி தள்ளப்படுவார். 62-இல் தொடங்க வேண்டிய உடல்நலக் காரணம் இருப்பவருக்கு அது நல்ல வழி. மற்றவர்கள் கையெழுத்திடுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

மறுமொழி 4
(கலிஃபோர்னியா, ஓய்வுபெற்ற கணக்காளர்)

அம்மா, முதல் ஐயத்துக்கு விடை: வீணாகாது. அவர் 67-க்குப் பின் காத்திருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் சேர்ந்த கூடுதல், அவர் பயனைத் தொடங்காமலே மறைந்தாலும் உங்களுக்கு வரும் தொகையில் சேரும். 69-இல் நேர்ந்தால் 116 விழுக்காட்டின் அடிப்படையில், அதாவது 3,944 டாலர். ஆனால் உங்களுக்கு 67 நிறைவதற்கு முன் அதை வாங்கத் தொடங்கினால் குறைப்பு உண்டு. அந்த நிலை வந்தால், சொந்தத் தொகையையும் டிஆர்எஸ் ஓய்வூதியத்தையும் வைத்து 67 வரை ஓட்டிவிட்டு, பிறகு அவருடைய தொகைக்கு மாறிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. மனைவிக்கான பங்கைப் போல இதைச் சொந்தப் பயனோடு சேர்த்தே கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஏனெனில் பழைய சட்டத்தில் இதற்கு வேறு விடை இருந்திருக்கும். டிஆர்எஸ் தெரிவுகளில் உங்களுக்கு மட்டும் உரிய முழுத்தொகை ஒன்று. கணவருக்கு 100, 75, 50 விழுக்காடு தொடரும் மூன்று. 60 அல்லது 120 மாதங்களுக்கு உறுதியளிக்கும் இரண்டு. நீங்கள் முதலில் மறைந்தால் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி நின்றுவிடும். முழுத்தொகைத் தெரிவில் ஓய்வூதியமும் நின்றுவிடும். ஆனால் அவருக்கு 4,216 டாலர் இருக்கும், அது விலைவாசியோடு ஆண்டுதோறும் உயரும். வீட்டுக் கடன் முடிந்து சேமிப்பும் இருக்குமானால் அது போதுமா என்று இருவரும் அமர்ந்து பாருங்கள். போதாது என்றால் 50 விழுக்காடு தொடரும் தெரிவே சமநிலையாக எனக்குப் படுகிறது. அவர் முதலில் மறைந்தால் உங்களிடம் டிஆர்எஸ் 2,277-உம் அவருடைய 4,216-உம் முழுமையாக இருக்கும். பழைய சட்டத்தில் அந்த 4,216 இறங்கி 2,698 ஆகியிருக்கும். அதனால்தான் அக்காலத்தில் பல குடும்பங்கள் ஆயுள் காப்பீடு வாங்கிக் குவித்தன; அந்தக் காப்பீடு உங்களிடமும் இருந்தால் இப்போது தேவைதானா என்று மறுபடி பாருங்கள்.

டிஆர்எஸ் ஓய்வூதியம் விலைவாசியோடு தானாக உயர்வதில்லை. 2023 நவம்பரில் டெக்சாஸ் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த உயர்வும் ஒரு முறைக்கானதுதான். இன்று வாங்கும் 2,277 டாலர், 80 வயதிலும் ஏறத்தாழ அதே 2,277 ஆகவே இருக்கக்கூடும் என்று எண்ணித் திட்டமிடுங்கள். குடும்பத்தில் விலைவாசியைத் துரத்தக்கூடிய வருமானம் சோஷியல் செக்யூரிட்டி ஒன்றுதான். கணவரை 70 வரை காத்திருக்கச் சொல்வதற்கு இதுவே என்னிடம் உள்ள வலுவான காரணம்.

கடைசியாக இரண்டு நடைமுறைக் குறிப்புகள். ஓய்வுக்குப் பின் வெளியே பகுதிநேர வேலை பார்த்தால், 67-க்கு முன் சோஷியல் செக்யூரிட்டி வாங்குபவருக்கு வருமான வரம்பு உண்டு. 2026-க்கு அது 24,480 டாலர். அதைத் தாண்டும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் நிறுத்தி வைப்பார்கள். டிஆர்எஸ் ஓய்வூதியம் அந்த வரம்பில் சேராது. சம்பளம் மட்டுமே சேரும். மற்றொன்று, கணவரின் பணி 2027 அக்டோபரில் முடிந்தால், 2028 ஜூனில் 65 வயதில் நீங்கள் அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேரும் வரை ஏறத்தாழ எட்டு மாதம் மருத்துவக் காப்பீட்டுக்கு வழி வேண்டும். டிஆர்எஸ்-இன் ஓய்வாசிரியர் காப்பீட்டில் எப்போது, எந்த நிபந்தனையில் சேரலாம் என்பதை இந்த வசந்த காலத்திலேயே, விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன், அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.